பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள்: வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

வளர்ப்புப் பராமரிப்பு குறித்துச் சென்ற மாதம் ஒரு வாசகிக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பாதுகாப்பு தேவைப்படும் பிறர் பிள்ளைகளைச் சில காலம் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களும் பராமரிக்க எண்ணுபவர்களும் எழுதிய கடிதங்கள் மேசை நிறையச் சேர்ந்துவிட்டதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2017 முதல் மூன்று பிள்ளைகள் வெவ்வேறு காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, வளர்ந்து, விடைபெற்றுச் சென்றிருக்கிறார்கள். அவர்களுடைய பெயரையோ ஊரையோ இங்கே எழுத மாட்டேன். அதற்கான காரணம் கீழே ஒரு பதிலில் வருகிறது. கடிதம் எழுதியவர்களின் பெயர்களும் அதே காரணத்துக்காகவே விடப்பட்டுள்ளன.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். வளர்ப்புப் பராமரிப்பில் சேர்ந்தால் சீக்கிரம் குழந்தை கிடைத்துவிடும், பிறகு அப்படியே தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். இது சரியா? (திருப்பூர் வாசகி)

பதில்: உங்கள் உறவினர் எதையோ அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். தத்தெடுத்தால் அந்தக் குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தை. சொத்துரிமை முதல் இனிஷியல் வரை எல்லாம் உங்களுடையது. வளர்ப்புப் பராமரிப்பு அப்படிப்பட்டதன்று. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 44ஆம் பிரிவின்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு ஆணை பிறப்பித்து, பாதுகாப்பு தேவைப்படும் ஒரு பிள்ளையைக் குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் குடும்பத்தில் வைக்கிறது. உணவு, படிப்பு, உடல்நலம் ஆகியவை உங்கள் பொறுப்பு; பெற்றோர் என்ற உரிமை உங்களிடம் வருவதில்லை. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குப் பெற்றவள் ஒருத்தி எங்கோ இருப்பாள். மருத்துவமனையிலோ, சிறையிலோ, குடியோடு போராடிக்கொண்டோ, அல்லது தலைக்கு மேல் கூரை இல்லாமலோ இருப்பாள். அவள் தேறி வந்தால் பிள்ளையைத் திரும்ப ஒப்படைப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

2024-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிகளில், ஒரு குடும்பத்தில் 2 ஆண்டுகள் வளர்ந்த பிள்ளை சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்றால், அதே குடும்பம் தத்தெடுக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. முன்பு இது 5 ஆண்டுகளாக இருந்தது. உங்கள் உறவினரின் காதில் விழுந்தது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் திட்டத்தில் வருபவர்கள் 6 வயதைக் கடந்த பிள்ளைகள், அவர்களிலும் எளிதில் குடும்பம் அமையாதவர்கள், சிறப்புத் தேவை உடையவர்கள், தகுதியற்ற பாதுகாவலரிடம் இருந்தவர்கள். நீங்கள் தொட்டிலுக்குக் காத்திருக்கிறீர்கள். இங்கே வருவது பள்ளிப் பையைத் தோளில் மாட்டிய பிள்ளை. தத்து வரிசையைத் தாண்டும் குறுக்கு வழியாக இதை நினைத்தால், தயவுசெய்து வராதீர்கள். ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் ஏற்படுவதில்லை.

அப்படியில்லாமல், திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் வளர்ப்போம் என்ற மனம் இருவருக்கும் இருந்தால், உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். தம்பதியர் என்றால் குறைந்தது 2 ஆண்டுகள் நிலையான மணவாழ்க்கை வேண்டும். 35 முதல் 60 வயது வரையுள்ள மணமாகாதவரும், கணவரை இழந்தவரும், மணமுறிவு பெற்றவரும் இப்போது தனியாகவே விண்ணப்பிக்கலாம். தனி ஆணாக இருந்தால் ஆண் பிள்ளையை மட்டுமே தருவார்கள். வீட்டைப் பார்க்க அலுவலர் வருவார். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் இரண்டு முறை தரையைத் துடைத்து வைத்திருந்தேன். வந்த பெண்மணியோ தரையைப் பார்க்கவேயில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா என்று பார்த்தார், பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்டார், போய்விட்டார்.

கேள்வி: எங்களிடம் வந்து இரண்டு மாதமான ஏழு வயதுப் பெண் குழந்தை, வயிறார உண்ட பிறகும் தின்பண்டத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். கேட்டால் எடுக்கவில்லை என்கிறாள். "இது திருட்டுப் புத்தி, இப்போதே கண்டிக்காவிட்டால் பின்னால் கஷ்டம்" என்கிறார் என் மாமியார். எனக்கும் சில நாள் கோபம் வந்துவிடுகிறது. (நாமக்கல் வாசகி)

பதில்: எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே வயது. வந்த மூன்றாவது வாரம், கூடத்துச் சுவரோரமாக எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போனால் அவளுடைய பள்ளிப் பைக்குள் கொண்டுபோய் விட்டது. ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்கும் அளவுகோலுக்கும் நடுவில், கல்லாகக் காய்ந்துபோன இரண்டு இட்லித் துண்டுகள், கொஞ்சம் சர்க்கரை, உடைந்த மாரி பிஸ்கட். அன்று காலையில்தான் அவள் ஐந்து இட்லி தின்றிருந்தாள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள், அழவில்லை, அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்ப்பவளைப் போல என் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைத் திருட்டு என்று சொல்வது பெரிய பிழை, அம்மா. உங்கள் மாமியாரிடம் நீங்கள் விவாதம் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சொல் மட்டும் இந்தக் குழந்தையின் காதில் விழக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை உணவு வருமா என்பது தெரியாமல் பல நாள் கிடந்த பிள்ளைக்கு, வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில்தான் அடுத்த வேளையைப் பற்றிய பயம் வருகிறது. நாம் அரிசி மூட்டை வாங்கி வைப்பதும் அந்தப் பயத்தினால்தான். அவளிடம் மூட்டை இல்லை, தலையணைதான் இருக்கிறது. "எடுக்கவில்லை" என்று அவள் சொல்வதும் பொய் சொல்லும் பழக்கத்தால் அன்று. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது இன்னும் அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது எளிது; பொறுமைதான் அதிகம் வேண்டும். மூடி இறுக்கமாக உள்ள ஓர் எவர்சில்வர் டப்பாவை வாங்கி, அது அவளுடையது என்று சொல்லிக் கொடுங்கள். வேர்க்கடலை, பொரிகடலை, முறுக்கு போல எளிதில் கெடாதவற்றை அவள் கண்முன்னே நிரப்புங்கள். குறைந்தால் கேட்காமலேயே நிரப்புங்கள். எவ்வளவு தின்றாள் என்று எண்ணாதீர்கள். டப்பா அவள் கைக்கு எட்டும் இடத்தில், முடிந்தால் அவள் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தலையணைக்கு அடியில் ஊசிப்போனது எதுவும் கிடந்தால், அவள் இல்லாத நேரத்தில் எடுத்து எறியாமல், அவளையும் அழைத்து, "இது கெட்டுப்போயிற்று, இதற்குப் பதிலாக இது" என்று கையோடு மாற்றிக் கொடுங்கள். தட்டில் கூடுதலாகப் போட்டுக்கொண்டு மிச்சம் வைத்தால் "சோத்தை வீணாக்காதே" என்ற பழைய பல்லவியைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். சமையலறையில் இரவு டப்பா உருட்டும் சத்தம் கேட்டால் விளக்கைப் போட்டு, "பால் காய்ச்சவா?" என்று மட்டும் கேளுங்கள்.

எங்கள் பெண்ணுக்கு ஏழு மாதம் பிடித்தது. ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது அவளுடைய டப்பாவைத் திறந்தேன். வேர்க்கடலையில் காறல் வாடை அடித்தது. மூன்று வாரமாக அவள் அதைத் தொடவேயில்லை. என் வீட்டில் ஒரு பண்டம் கெட்டுப்போனதற்காக நான் மகிழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

கேள்வி: எங்களிடம் வளரும் சிறுவன் எங்களை எப்படி அழைக்க வேண்டும்? உறவினர்கள் "அம்மா, அப்பா என்று சொல்லப் பழக்குங்கள்" என்கிறார்கள். அவனுடைய பெயரும் எங்கள் வீட்டு வழக்கத்துக்குப் பொருந்தவில்லை. வீட்டளவில் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: பெயரை மாற்ற வேண்டாம். பள்ளியும் வீடும் ஊரும் மாறி வந்திருக்கும் பிள்ளையிடம் மாறாமல் இருப்பது அது ஒன்றுதான். அந்தப் பெயர் வேறொரு மதத்தையோ சாதியையோ காட்டுகிறது என்பதுதான் உங்கள் தயக்கம் என்றால் (உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஒரு வரி அப்படி எண்ண வைக்கிறது), அந்தத் தயக்கத்தை நீங்கள் தீர்த்துக்கொண்ட பிறகு அவனை வைத்துக்கொள்வது நல்லது. அவன் வழிபட்டு வந்த முறையை அவன் தொடரட்டும். கிறிஸ்துமஸ் கொண்டாடி வளர்ந்தவன் என்றால் டிசம்பரில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்குவதால் குலதெய்வம் கோபிக்காது.

அழைக்கும் முறையை அவனே முடிவு செய்யட்டும். குழந்தைகள் இல்லத்திலிருந்து வரும் பிள்ளைகள் பலர் முதலில் "மிஸ்", "சார்" என்றுதான் அழைப்பார்கள். எங்களிடம் வந்த இரண்டாவது பையன் மூன்று மாதம் என்னை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. வேண்டியது ஏதாவது இருந்தால் அருகில் வந்து நின்று முந்தானை நுனியை இழுப்பான். "அம்மா" என்ற சொல்லை ஏற்கெனவே ஒருத்திக்குக் கொடுத்துவிட்ட பிள்ளையிடம் அதை மீண்டும் கேட்பது, அவளிடமிருந்து பறித்து உங்களிடம் தரச் சொல்வதுபோல அவனுக்குப் படும். நம் மொழியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. "பெரியம்மா" என்றால் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம். அம்மாவின் இடம் அப்படியே இருக்கும். நான் அதைத்தான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், அவன் பிடித்துக்கொண்டான். "சித்தி" வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. கதைகளிலும் ஊர்ப்பேச்சிலும் அந்தச் சொல்லின் மேல் ஏற்றிவிட்ட சுமை அதிகம். ஒரு நாள் அவனாகவே "அம்மா" என்று அழைத்துவிட்டால் திருத்தவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம், "என்னப்பா?" என்று கேளுங்கள்.

கேள்வி: மாதம் ஒரு முறை எங்களிடம் இருக்கும் சிறுவனைப் பார்க்க அவன் தாய் வருகிறாள். வந்து போன பிறகு இரண்டு நாள் அவன் பேசுவதில்லை, படுக்கையை நனைக்கிறான், பள்ளியில் சண்டை போடுகிறான். அவள் வராத மாதங்களில் நன்றாக இருக்கிறான். அவனுடைய நன்மைக்காக இந்தச் சந்திப்பை நிறுத்தச் சொல்லலாமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். சட்டம் பெற்றோருக்கு இந்தச் சந்திப்பை அனுமதித்திருக்கிறது. பிள்ளையின் நலனுக்கு அது உகந்ததன்று என்று கருதினால் குழந்தைகள் நலக் குழு மட்டுமே, காரணத்தை எழுதி வைத்து, அதைத் தடுக்க முடியும். நீங்களோ நானோ நிறுத்த முடியாது. "இன்று அவனுக்குக் காய்ச்சல்" என்று சொல்லித் தள்ளிப்போடும் சாமர்த்தியம் நம் எல்லோருக்கும் வரும், எனக்கும் ஒரு முறை வந்தது, செய்திருக்கக் கூடாது.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்து மட்டும் தாய் அவனுக்குக் கெடுதல் செய்கிறாள் என்று முடிவு கட்ட முடியாது. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் மேல் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள்; வலிக்கத்தான் செய்யும். அவள் வராத மாதத்தில் அவன் "நன்றாக இருப்பது" உண்மையிலேயே நன்றாக இருப்பதுதானா, அல்லது கேட்டுப் பயனில்லை என்று அடங்கிப் போவதா என்பதையும் கவனியுங்கள். ஆனால் உடலில் காயமோ, சந்திப்பில் நடந்ததாக அவன் சொல்லும் தகாத செய்தியோ இருந்தால் அது வேறு கதை. அன்றைக்கே மாவட்ட அலகுக்குத் தெரிவியுங்கள், நேரம் காலம் பார்க்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அதற்காகவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சந்திப்பு நடந்த தேதி, எவ்வளவு நேரம், அதற்கு முன் எப்படி உறங்கினான், பின் எப்படி உறங்கினான், எதை உண்டான் என்பவற்றைக் கண்டபடி எழுதுங்கள். "அவள் பொறுப்பில்லாதவள்" போன்ற தீர்ப்புகளை அதில் எழுதாதீர்கள். மாதந்தோறும் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய கடமை குழுவுக்கு இருக்கிறது. அப்போது இந்த நோட்டு உங்கள் வாய்ச்சொல்லைவிட அதிகம் பேசும்.

சந்திப்பு நாளைச் சுற்றி வீட்டை மெதுவாக்குங்கள். மறுநாள் டியூஷன் வேண்டாம், விருந்தாளி வேண்டாம். திரும்பி வந்ததும் "அம்மா என்ன சொன்னாள்?" என்று விசாரிக்காதீர்கள், பசிக்கிறதா என்று கேளுங்கள். படுக்கையில் ரப்பர் ஷீட்டை விரித்து, மாற்று விரிப்பை அவன் எடுக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். நனைந்ததை அவனும் நீங்களும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், பொழுது விடிந்ததும் அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. எங்கள் முதல் பெண்ணின் தாய், பதினான்கு மாதம் கழித்து அவளைப் பார்க்க முதன்முறையாக வந்தபோது, ஒரு பொட்டலம் மிக்சரும் அரை டஜன் பிளாஸ்டிக் வளையல்களும் வாங்கி வந்திருந்தாள். வளையல் ஒன்றுகூடக் கையில் ஏறவில்லை. அவள் மனத்தில் இருந்த மகளின் கை பழைய அளவிலேயே நின்றுவிட்டது. பெண் ஒன்றை விரல்களில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவள்மேல் எனக்கு இருந்த கோபத்தை அந்த அறையிலிருந்து திரும்பி எடுத்துவர முடியவில்லை. அடுத்த சந்திப்புக்கு முன்னதாக, பெண்ணின் வளையல் அளவையும் செருப்பு அளவையும் ஒரு சீட்டில் எழுதி அலுவலர் மூலம் கொடுத்தனுப்பினேன். உங்கள் சிறுவனின் சட்டை அளவை அவன் தாய் அறிந்திருக்கிறாளா? கணக்கில் எவ்வளவு மதிப்பெண், எந்தப் பல் விழுந்தது என்று நல்ல செய்திகள் இரண்டை ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறீர்கள் என்பது தெரிந்தால், பிள்ளைக்கு நடுவில் கிழிந்து நிற்க வேண்டிய வேலை இல்லை.

கேள்வி: எங்களிடம் வளரும் பிள்ளை பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அலுவலர் கண்டித்தார். பெருமையாக வைத்தது தவறா? (சேலம் வாசகி)

பதில்: பெருமை தவறில்லை; வைத்தது தவறு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரிடமிருந்து அந்தப் பிள்ளையை அப்புறப்படுத்தினார்களோ, அவர் போனிலும் உங்கள் எண் இருக்கலாம். படத்தை அச்சுப் போட்டு ஓர் ஆல்பத்தில் ஒட்டி வையுங்கள். பின்னால் அந்த ஆல்பம் பிள்ளைக்கு வேறு விதத்தில் தேவைப்படும்.

கேள்வி: எங்களிடம் வளரும் சிறுவனை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் தந்தை பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதலாமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: எழுத வேண்டாம். பின்னாளில் சாதிச் சான்றிதழ், ஆதார், உதவித்தொகை என ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரி முடிச்சுப் போடும். பெற்றோரின் பெயர் தெரிந்தால் அதையே எழுதி, குழுவின் ஆணை நகலை இணைத்து, பராமரிப்பவர் என்ற முறையில் கையொப்பமிடுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்றும், மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டக் கூடாது என்றும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். அவன் முன்பு எந்தத் தமிழகப் பள்ளியில் படித்திருந்தாலும் அவனுக்கு ஓர் எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருக்கும். அதைக் கேட்டுப் பெற்றால் பாதி வேலை முடிந்தது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் உதவக்கூடியவர்கள். முப்பத்தோரு ஆண்டுகள் அவர்களோடு வேலை செய்தவள் என்பதால் சற்றுப் பாரபட்சமாகவே சொல்கிறேன். தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் தேவையான அளவு சொல்லுங்கள். ஆசிரியர் அறை முழுவதும் கதை தெரிய வேண்டியதில்லை. "என் குடும்பம்" என்று பத்து வரி எழுதச் சொல்லும் வீட்டுப்பாடம் வரும் முன்பே வகுப்பாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: மகள் இறந்த பிறகு பேரனை நான்தான் வளர்க்கிறேன். நானும் வளர்ப்புப் பராமரிப்புத் தொகை கேட்கலாமா? (இராமநாதபுரம் வாசகி)

பதில்: உறவினரிடம் வளரும் பிள்ளைக்குப் பொருந்துவது நிதி ஆதரவுத் திட்டம் என்பது, அம்மா. குழந்தைகள் நலனுக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மகளின் இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பேரனின் படிப்புச் சான்று ஆகியவற்றோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுங்கள்.

கேள்வி: "காசுக்காகப் பிள்ளை வளர்க்கிறார்கள்" என்று தெருவில் பேசுகிறார்கள். மனம் நோகிறது. (கும்பகோணம் வாசகி)

பதில்: வளர்ப்புப் பராமரிப்புக்கும் மாதம் அதே 4,000 ரூபாய்தான். பத்து வயதுப் பிள்ளைக்குப் பால், முட்டை, வேன் கட்டணம், நோட்டுப் புத்தகம், செருப்பு, ஆண்டுக்கு இரண்டு முறை வரும் சளிக் காய்ச்சல் என்று எழுதிப் பாருங்கள்; மீதி எவ்வளவு என்று தெருவுக்கே தெரியும். எங்களுக்கு ஒரு முறை நான்கு மாதத் தொகை சேர்ந்து தாமதமாக வந்தது. எனவே அதை நம்பி மட்டும் யாரும் இறங்க வேண்டாம். கணக்கை எழுதி வையுங்கள், தெருவுக்காக அன்று, ஒரு நாள் அந்தப் பிள்ளையே யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, "எனக்காகப் பணம் வாங்குகிறீர்களா?" என்று கேட்கும். மறைக்காமல் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். தெருவுக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை நான் என்றோ விட்டுவிட்டேன்.

கேள்வி: இரண்டரை ஆண்டுகளாக எங்களிடம் வளரும் ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாயிடமே திருப்பி அனுப்பக் குழு முடிவு செய்திருக்கிறது. அவள் சிகிச்சை முடிந்து இப்போது வேலைக்குப் போகிறாள். எங்களுக்கு மகிழ்ச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் சொந்த மகன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஆட்சேபம் தெரிவிக்கலாமா? எப்படி அனுப்புவது? (திருநெல்வேலி தம்பதியர்)

பதில்: அந்த வீட்டில் அவனுக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், அதை எழுத்தில் குழுவிடம் கொடுங்கள், அது உங்கள் கடமை. எங்கள் வீட்டில் வசதி அதிகம், எங்களிடம் நன்றாகப் படிக்கிறான், பிரிய முடியவில்லை என்பவை காரணங்கள் ஆகா. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாவது வகைதான் தெரிகிறது. அழுங்கள். அவனுக்கு எதிரில் கொஞ்சம் அழுதாலும் பாதகமில்லை. தன்னை அனுப்பும்போது யாரும் வருந்தவில்லை என்று அவன் எண்ணுவதைவிட அது மேல். அவன் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை மட்டும் வரக்கூடாது.

ஒரே நாளில் பெட்டியைக் கட்டி அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, பிறகு சனி, ஞாயிறு என்று படிப்படியாகப் பழக்கும்படி அலுவலரிடம் கேளுங்கள். தாய்க்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: கத்தரிக்காய் தொட மாட்டான், ரசம் சோற்றுக்கு அப்பளம் வேண்டும், இடப்பக்கம் திரும்பிப் படுத்தால்தான் உறக்கம் வரும், இடி இடித்தால் பயம், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இரண்டரை ஆண்டுகளை அவள் இழந்திருக்கிறாள். நீங்கள் தரும் அந்தத் தாள்தான் அவளுக்கு அதன் சாவி. எழுதும்போது, தேர்வு எழுத வந்தவளுக்கு வினாத்தாள் கொடுக்கும் தோரணை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் தடவை அப்படித்தான் வந்தது, கணவர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி எழுதச் சொன்னார்.

துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். அவன் உங்களிடம் வந்தபோது அப்படி ஒரு கவரோடுதான் வந்திருப்பான். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை அவனையே கடைக்கு அழைத்துப்போய் வாங்கிக் கொடுங்கள். பொம்மை, கிழிந்த கிரிக்கெட் கையுறை, பரிசுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆல்பம் எல்லாம் அவனோடு போகட்டும். "இது இங்கேயே இருக்கட்டும், வரும்போது விளையாடலாம்" என்று எதையும் பிடித்து வைக்காதீர்கள். "எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்துவிடு" என்றும் சொல்லாதீர்கள். அதைக் காப்பாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை, அவனுக்கு அது தாயின் வீட்டில் ஒரு காலை வெளியே வைத்திருக்கச் சொல்லும் பேச்சு. பின்னால் தொடர்பு வேண்டுமா என்பதை அவளும் அவனும் முடிவு செய்யட்டும். உங்கள் எண்ணை அவளிடம் கொடுங்கள். முதல் அழைப்பு அவளிடமிருந்து வரட்டும். வராமலும் போகலாம். எங்களிடம் வளர்ந்த மூவரில் ஒருத்தி மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் பேசுகிறாள்.

உங்கள் மகனை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளையைக் கொண்டுவரும்போது அவனிடம் கேட்டோம், அனுப்பும்போது முடிவை மட்டும் சொன்னோம் என்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. கதவைத் தட்டி அறிவுரை சொல்லாமல் ஒரு வேலை கொடுங்கள். பெட்டியை அடுக்குவது அவன் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். இருவரும் உள்ளே உட்கார்ந்து எதை எங்கே வைப்பது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அது நல்ல சத்தம்.

அனுப்பும் நாளை வெள்ளிக்கிழமை மாலையாக வைக்கும்படி கேளுங்கள். சனியும் ஞாயிறும் அவன் தாயோடு வீட்டில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிச்சயம் சொல்வார்கள். மறுநாள் சனி, அதுவும் ஆகாது என்பார்கள். காலண்டரைக் கிழித்து நல்ல நேரத்தைக் காட்டிச் சமாதானம் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமையே அனுப்புங்கள்.